நின்ற டயரும் நகர்ந்த டிரெய்லரும்

2025 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை. ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்து மூலையில், காரில் மாட்டி இழுத்துப் போய் உள்ளேயே தங்கிக்கொள்ளும் எங்கள் டிரெய்லர் ஒன்பது மாதமாக நகராமல் நின்றிருந்தது. தார்ப்பாயை விலக்கி இடது டயரைப் பார்த்தேன். பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர்க் கட்டைகள் எல்லாம் புது டயர் மாதிரியே உயரமாக இருந்தன. வாங்கியதிலிருந்து ஓடியதே நாலாயிரம் கிலோமீட்டருக்குள்தான். அப்புறம் குனிந்து, பட்டனுக்குக் கீழே பக்கச் சுவர் ஆரம்பிக்கும் இடத்தை விரலால் தடவினேன். சொரசொரவென்று இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், குதிகால் வெடிப்பு மாதிரி சுற்றிலும் கோடு கோடாக ஓடியது. ஒன்றிரண்டு இடத்தில் நகமே உள்ளே இறங்கியது.

மேலோட்டமான மயிரிழைக் கோடு என்றால் கொஞ்ச நாள் கண்காணித்து ஓட்டலாம். நகம் இறங்கும் வெடிப்பு அப்படி இல்லை. அந்த டயரோடு இருபது கொண்டை ஊசி வளைவை இறங்க எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்குத் திட்டமிட்டிருந்த பயணத்தை விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தேன். டயரை மாற்றியது, மாற்றும்போது தெரிந்துகொண்டது, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் இதே இடத்தில் டிரெய்லர் எங்கள் கையை விட்டு உருண்டது, மூன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. சினிமாப் படப்பிடிப்பில் நிற்கும் கேரவன் அளவுக்கு எல்லாம் இல்லை. பன்னிரண்டு அடி நீளம், ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். நாமக்கல் பக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் கூண்டு கட்டினோம். அச்சு, பிரேக், முன் கொக்கி மூன்றும் ஐரோப்பிய முறையில் செய்தவை, வெளியிலிருந்து வரவழைத்தோம். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு சின்ன அடுப்பங்கரை, ஐம்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. இழுப்பது பொலிரோ. டயர் 185 ஆர்14, எட்டுப் பிளை, சின்னச் சரக்கு வண்டிகளுக்குப் போடும் ரகம். 2024 நவம்பரில் மேலே ஏற்றிவிட்டு வந்தோம். டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை கொட்டித் தீர்த்து, மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. குப்பனூர் வழியாகப் போய்வரலாம்தான். ஆனால் அந்தச் சின்ன ரோட்டில் டிரெய்லரை இழுத்து வர வேண்டாம் என்று விட்டோம். பாதை சரியான பிறகு வீட்டில் ஒரு வேலை, ஊரில் ஒரு வேலை. மாதம் போனதே தெரியவில்லை.

ஓடாத டயர் ஏன் வெடிக்கிறது என்பதை எனக்குப் புரிய வைத்தவர் மாமா. சங்ககிரியில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். போனில் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ நாளா நிக்குது மாப்ள?" என்பதுதான். எவ்வளவு ஓடியது என்று கேட்கவில்லை. காற்றில் இருக்கும் ஓசோனும் வெயிலும் ரப்பரைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்க, டயர் செய்யும்போதே ரப்பருக்குள் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருப்பார்கள். டயர் உருண்டு, சுவர் மடங்கி மடங்கி நிமிரும்போது அவை உள்ளேயிருந்து கசிந்து மேலே ஒரு படலமாகப் படியும். பழைய டயரின் சுவரில் பழுப்பாக ஒரு பூச்சு தெரிகிறதே, அது அழுக்கு இல்லை, இந்தக் காப்புதான். நின்றுகொண்டே இருக்கும் டயரில் மடக்கமும் இல்லை, கசிவும் இல்லை. மேல்தோல் காய்ந்து பிளக்கிறது. லாரி டயர் பட்டன் தேய்ந்து போய்ச் சாகும், டிரெய்லர் டயர் பட்டன் முழுசாக இருக்கும்போதே சாகும். பளபளப்புக்காகத் தடவும் எண்ணெய்ப் பசை கொண்ட பாலிஷ் இந்தக் காப்பையும் கரைத்துவிடும். நான் இரண்டு வருஷமாக அதைத்தான் ஆசையாகத் தடவிக்கொண்டிருந்தேன். இப்போது சோப்புத் தண்ணீரும் பழைய துணியும் மட்டும்தான்.

அடுத்து வயது. டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு எத்தனையாவது வாரம், பின் இரண்டு எந்த வருஷம். இந்த முழு வரிசை பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் அச்சாகியிருக்கும். என் டயர்களில் அது உள்பக்கம் இருந்தது. மூன்று வருஷமாக நான் பார்க்காததற்கு அதுதான் காரணம். ஈர மண்ணில் சாக்கை விரித்துப் படுத்து, செல்போன் வெளிச்சத்தை அடித்துப் படித்தேன்: 0918. 2018ஆம் வருஷத்தின் ஒன்பதாவது வாரம். நான் அதைப் புது டயர் என்று காசு கொடுத்து வாங்கியது 2022 ஆகஸ்டில். அதாவது கடையில் நாலரை வருஷம் கிடந்த சரக்கு. இப்போது ஏழு வயது தாண்டிவிட்டது. ஸ்பேர் டயரையும் கழற்றிப் பார்த்தேன், அதிலும் அதே 0918. தரையையே தொடாத டயர், அதிலும் அதே வெடிப்பு. ஸ்பேர் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நாம் மலை ஏறுகிறோம். அதுவும் கைவிடும் நிலையில் இருந்தது எனக்கு உறைத்தது.

மூன்றையும் கழற்றிக் கீழே சேலத்துக்கு எடுத்துப் போக வேண்டும். டிரெய்லர் இரண்டு நாள் சக்கரமில்லாமல் நிற்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திக்கொண்டேன். தூக்கிய பிறகு தளர்த்தினால் சக்கரமும் சேர்ந்து சுற்றும், வண்டியும் அதைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு மேல் ஆடும். ஈர மண்ணில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். தோட்டத்தில் கிடந்த ஒன்றரை அடிச் சதுரக் கருங்கல் பலகைகளை மண்ணைக் கெட்டித்துப் பதித்து, அதன் மேல் ஜாக்கி. ஸ்டாண்டுகளை அச்சுக் குழாய்க்குக் கீழே, பட்டை ஸ்பிரிங் உட்காரும் இடத்தை ஒட்டி வைத்தேன். மூலைக்கு மூலை இருக்கும் கால்களை நம்பி வண்டியைத் தூக்கக் கூடாது. உள்ளே நடக்கும்போது ஆடாமல் இருக்கத்தான் அவை. எடையைச் சுமத்தினால் வளையும், சட்டமும் முறுக்கும். பிறகும் மனசு கேட்காமல், ஸ்டாண்டு சரிந்தாலும் வண்டி உட்கார இடம் இருக்கட்டும் என்று சட்டத்துக்குக் கீழே கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினேன். தோட்டத்து ஆட்களிடம் திங்கட்கிழமை வரை யாரும் உள்ளே ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சேலத்தில் டயர் கடையில் இந்தத் தடவை முதலில் விலை கேட்கவில்லை.

"அண்ணே, தேதி பாத்துத்தான் எடுப்பேன். ஆறு மாசத்துக்கு உள்ள இருந்தா சொல்லுங்க."

"லாரிக்காரங்கதான் இப்படிக் கேப்பாங்க. இருங்க தம்பி, குடோன்ல பாத்துட்டு வர்றேன்."

அரை மணி நேரம் ஆனது. மூன்று டயர் வந்தது, மூன்றும் 2025 ஏப்ரலில் செய்தவை. கூடவே வால்வையும் மாற்றச் சொன்னேன். கார்களில் போடும் சாதாரண ரப்பர் வால்வு காற்றழுத்தம் 65 பி.எஸ்.ஐ. வரைதான் தாங்கும். இந்த டயரின் சுவரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தமும் அதேதான். விளிம்பில் போய் நிற்பானேன், உலோக வால்வு போட்டுக்கொண்டேன். மூடி இல்லாமல் வால்வை விடாதீர்கள். ஏற்காட்டுச் செம்மண் ஒரு துளி உள்ளே போனாலும் காற்று மெல்ல மெல்ல இறங்கும்.

மேலே போய் மாட்டினேன். நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திரம் போடுவது போல இறுக்கி, கடைசியில், எவ்வளவு இறுகியது என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச்சில் 100 நியூட்டன் மீட்டர். என் வண்டியின் நட்டுக்குச் சொல்லியிருக்கும் அளவு அது. உங்கள் வண்டிக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும். பார்த்தபோது வலது சக்கரத்தில் இரண்டு நட்டு அரைக்கால் சுற்று வாங்கியது.

காற்று எவ்வளவு வைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நானும் முன்பு பொலிரோவுக்கு வைப்பதையே இதற்கும் வைத்துக்கொண்டிருந்தேன். எடை தெரியாமல் காற்று சொல்ல முடியாது. அக்டோபரில் வண்டியைக் கீழே இறக்கியபோது, சாமான், தண்ணீர், சிலிண்டர் எல்லாம் ஏற்றியபடியே சேலத்தில் ஒரு எடை மேடைக்குப் போனேன். காரை மேடையைத் தாண்டி நிறுத்தி, டிரெய்லர் சக்கரம் இரண்டையும் மேடையில் வைத்தால் 860 கிலோ. பிறகு கொஞ்சம் விலக்கி, ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் மேடையில் வைத்துப் பார்த்தேன். இடது பக்கம் 480, வலது பக்கம் 380. அடுப்பங்கரையும் தண்ணீர்த் தொட்டியும் இடது பக்கம் இருப்பதன் விளைவு. இடது டயரில் வெடிப்பு கூடுதலாக இருந்ததற்கு இதுவும் காரணமோ என்று தோன்றியது. பேட்டரியையும் கருவிப் பெட்டியையும் வலது பக்கம் மாற்றி மறுபடி எடை போட்டேன். 440, 420 என்று வந்தது. இந்த டயரின் சுமை எண் 102, அதாவது ஒன்று 850 கிலோ தாங்கும். நம் எடைக்கு 50 பி.எஸ்.ஐ. தாராளம்.

இதில் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. சேலத்தில் வீட்டு நிழலில், வண்டி ஓடாமல் ஆறி நின்றபோது 50 வைத்தேன். அப்போது வெப்பம் 34 டிகிரி. ஏற்காடு போய் மறுநாள் காலை 18 டிகிரிக் குளிரில் அளந்தால் முள் 48க்கும் 49க்கும் நடுவில் நின்றது. ஓட்டையோ என்று சோப்புத் தண்ணீர் ஊற்றி எல்லாம் பார்த்தேன், ஒரு குமிழ்கூட வரவில்லை. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினாறு டிகிரி குளிர்ந்ததற்கு மட்டும் மூன்று பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்க வேண்டும். ஆனால் சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு. கருவி காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே? அதனால் உயரம் மட்டும் இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். மூன்றரை போய் இரண்டு வந்தால் மிச்சம் ஒன்றரை இறக்கம், முள் காட்டியது சரிதான். மேலே காலையில் 48 இருந்தால் நான் இப்போது தொடுவதில்லை. 45க்குக் கீழே போனால் தேடுவேன்.

சரி, வண்டி உருண்ட கதைக்கு வருகிறேன். 2023 மே மாதம், கோடை விழாக் கூட்டத்தைத் தவிர்க்க அதிகாலையிலேயே மேலே ஏறிவிட்டோம். தோட்டத்தில் மூக்கு மேட்டைப் பார்த்தும் வால் பள்ளத்தைப் பார்த்தும் இருக்கும்படி டிரெய்லரை நிறுத்தினேன். சரிவு பார்வைக்கு ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இடது சக்கரத்துக்குப் பின்னால் ஒரு செங்கல், வலது பக்கம் கையில் கிடைத்த ஒரு கல். முன் மூக்கில் கைப்பிடி சுற்றி இறக்கும் சின்னச் சக்கரத்தை இறக்கி, கொக்கியைத் தூக்கினேன். காரின் பின்னால் கொக்கி உட்காரும் இரும்புப் பந்தை விட்டு அது எழும்பிய அந்த நொடியில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. செங்கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. கல் வழுக்கி ஓரமாகத் தெறித்தது. எண்ணூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் போனது. பிடித்து நிறுத்த மனித பலத்தால் ஆகாது. நாலடி போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டி நின்றது. சின்னச் சக்கரத்தின் தண்டு வளைந்தது, பின்பக்க விளக்கு உடைந்தது. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் என் மகன் அந்த மரத்தடியில்தான் மிளகுக் கொடியைப் பார்த்தபடி நின்றிருந்தான். அவன் அம்மா பல் தேய்க்கக் கூப்பிட்டதால் வீட்டுக்குள் போயிருந்தான். இப்போது எழுதும்போதும் வயிறு கலங்குகிறது.

ஹேண்ட் பிரேக் ஏன் பிடிக்கவில்லை? இந்த வகை பிரேக்கில், வண்டி பின்னால் தள்ளப்படும்போது, சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ தானாகவே விலகிக்கொடுக்கும். இல்லாவிட்டால் ரிவர்ஸ் எடுக்கவே முடியாது. அதனால் ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும், வண்டி பின்பக்கமாகக் கொஞ்சம் உருண்ட பிறகுதான் ஷூ மறுபடி கவ்வும். அதற்கும் கைப்பிடி முழு உயரத்துக்கு ஏறியிருக்க வேண்டும். நான் பாதி இழுத்து விட்டிருந்தேன். மூக்கு மேட்டில், வால் பள்ளத்தில், பாதிப் பிரேக், ஒரு செங்கல். எல்லாத் தப்பும் ஒரே இடத்தில் கூடிவிட்டன.

அடுத்த வாரமே மாமா நேரில் வந்தார். மலை ரோட்டில் லாரி நின்றால் கிளீனர் முதலில் குதித்துக் கட்டை போட்ட பிறகுதான் டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பார் என்றார். "கல்லு ஒடையும், கட்டை கடிக்கும்" என்பது அவர் பேச்சு. கல் மண்ணில் வழுக்கும், மரம் டயருக்கும் மண்ணுக்கும் நடுவில் இறுகும். சேலத்தில் மர மில்லில் கருவேல மரத்தில் நான்கு ஆப்பு அறுத்து வாங்கினோம். வண்டிச் சக்கரத்துக்கு அந்தக் காலத்தில் போட்ட மரம், லேசில் பிளக்காது. டயரின் முழு உயரம் 65 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு உயரம், அதாவது ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டை. நீளம் ஓரடி. அகலம் டயருக்குக் குறையாமல். அடியில் பழைய டயர் ரப்பரை வெட்டி ஆணி அடித்தோம், ஈரத்தில் வழுக்காது. இரண்டிரண்டாகக் கயிறு கட்டி வைத்திருப்பதால் ஒன்று தொலையாது, இழுத்து எடுக்கவும் சுலபம்.

இப்போது நிறுத்தும் வரிசையை நாங்கள் மாற்றுவதே இல்லை. முதலில் இடத்தை நடந்து பார்ப்பேன். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மேலே காய்ந்த கிளை தொங்குகிறதா, பலா மரத்தடியா என்று பார்ப்பேன். பழம் விழுந்தால் கூரை ஓட்டைதான். பிறகு கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை உள்ளே தரையில் குறுக்காக வைத்துப் பார்ப்பது. இடம் வலம் மட்டத்தைக் காரோடு சேர்ந்திருக்கும்போதே சரி செய்ய வேண்டும். தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல் ஏற்றுவேன். பலகை டயர் பதியும் இடத்தை விடப் பெரிதாக இருக்க வேண்டும். ஓரம் வெளியே தொங்கினால் அந்த விளிம்பு உள்ளிருக்கும் இழையை நாள்கணக்கில் அழுத்தும். அடுத்து நான்கு கட்டையும், இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும். பிறகு காரை ஓரங்குலம் பின்னால் விட்டு, வண்டி கட்டையில் சாய்கிறதா என்று பார்த்து, ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுப்பது. அப்புறம்தான் சின்னச் சக்கரம், அதற்கும் அடியில் ஒரு பலகை. கொக்கி பந்தை விட்டுக் கிளம்பிய பிறகும் பாதுகாப்புச் சங்கிலி காரோடு மாட்டியபடியே இருக்கும். ஐந்து நிமிடம் வண்டி அசையவில்லை என்றால் சங்கிலியைக் கழற்றலாம். முன்பின் மட்டம் சின்னச் சக்கரத்தைச் சுற்றிச் சரி செய்வது, மூலைக் கால்கள் கடைசி. இவ்வளவும் முடியும் வரை பள்ளத்துப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. பையனுக்கு இது பாடமாகிவிட்டது, "அப்பா, சங்கிலி" என்று அவனே ஞாபகப்படுத்துகிறான்.

மாதக்கணக்கில் விடும்போது கொஞ்சம் வேறு மாதிரி. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுவேன், கட்டைகள் மட்டும்தான். ஏற்காட்டு மூடுபனி ஈரத்தில் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒரு தடவை ஒட்டி, சுத்தியலால் டிரம்மைத் தட்டித் தட்டி விடுவிக்க வேண்டியதாயிற்று. கருங்கல் பலகை மேல் ஸ்டாண்டு வைத்து, சக்கரம் தரையை விட்டு விரல் நுழையும் அளவு எழும்பும்படி தூக்கிவிடுவது நல்லது. அது முடியாதபோது மாதம் ஒரு தடவை காரை மாட்டி, கால் சுற்று நகர்த்தி, வேறு இடம் பதியும்படி விட வேண்டும். ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்தால் டயரில் தட்டை விழுந்து, ஓட்டும்போது தடதடக்கும். வெயில் மறைக்கப் பழைய பிளெக்ஸ் பேனரின் வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி வெட்டிச் சக்கரத்தில் தொங்கவிடுகிறேன். சேலத்து வீட்டு வாசலில் மேற்கு வெயில் நேராக அடிக்கும், அங்கேதான் இது இன்னும் அவசியம்.

பேரிங் வேலை இந்தத் தடவையே சேர்த்து முடித்தேன். பழைய கிரீஸ் காப்பித்தூள் மாதிரி கறுத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, காய வைத்து, புது லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் எடுத்து உருளைகளுக்கு நடுவில் பிதுங்கும் வரை அழுத்தி, சீல் மாற்றினேன். டிரம்மைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, கொஞ்சம் பின்வாங்கி, அது கழலாமலிருக்கப் புது ஸ்பிலிட் பின் போட்டேன். மலை இறங்கும்போது இரண்டாவது கியரைத் தாண்டுவதில்லை. அடிவாரம் வந்ததும் ஓரமாக நிறுத்தி, சக்கர நடுவில் புறங்கையைக் கிட்டே கொண்டுபோவேன். இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் சரி. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் இறுகியிருக்கலாம், பிரேக் உரசலாம்.

கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதி வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. நேற்றுப் போய் எழுதியது: இடது 48, வலது 48, ஸ்பேர் 55, வெடிப்பு இல்லை. வலது சக்கரத்துக்கு அடியில் இருக்கும் சவுக்குப் பலகையில் மட்டும் கறையான் ஏற ஆரம்பித்திருக்கிறது. அடுத்த தடவை புதுப் பலகையும் ஒரு பாட்டில் வேப்பெண்ணெயும் கொண்டு போக வேண்டும்.